கோமாரி நடந்து வந்த வழி

ஊசியைக் கண்டு மாடு மிரண்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாட்டுக்காரன் மிரண்டால் என்ன செய்வது? கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்ததில்லை. பனிக்கட்டிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், "ஊசி வருது, ஊசி வருது" என்ற குரல் அவளுக்கு முன்னால் ஓடிவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டு. மருந்தகத்துச் சம்பளச் சீட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. தெருவுக்கு அவள் ஊசி. மரியாதை தெரிந்தவர்களுக்கு ஊசியம்மா. நாத்தனாருக்கு மட்டும் "என் தம்பி கட்டிக்கிட்டு வந்த ஊசி".

சரிவாக இறங்கும் ஒரே நீளத் தெரு அது. உச்சியில் பால் சங்கம். நடுவில் ஒரு கைப்பம்பு. பம்புக்கு மேலே இருப்பவர்கள் மேல்தெருக்காரர்கள், கீழே இருப்பவர்கள் கீழ்தெருக்காரர்கள். வீட்டுக்கு வீடு பின்கட்டில் மாட்டுக்கொட்டகை. தெருவே பாலில்தான் பிழைத்தது.

ஒவ்வொரு தடுப்பூசிச் சுற்றிலும் இதே கூத்துதான். கொட்டகைக்குள் போனால் கிழட்டு மாடு நிற்கும், பால் வற்றிய மாடு நிற்கும், ஒற்றைக்கொம்புக் கிடாரி நிற்கும். கறவை மாடு மட்டும் இருக்காது. "மேய்ச்சலுக்குப் போயிருக்கும்மா" என்பார்கள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். பால் கொடுக்கிற மாடு வெயிலில் அலைந்து மேயும், பால் கொடுக்காத மாடு நிழலில் உட்கார்ந்து தீவனம் தின்னும் என்ற இந்த அதிசய ஏற்பாடு உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. ஊசி போட்டால் மாட்டுக்கு லேசாகக் காய்ச்சல் வரும், ஓரிரண்டு நாள் பால் கொஞ்சம் இறங்கும், பிறகு தானே ஏறிவிடும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் மொத்த மடியையும் பணயம் வைத்தார்கள்.

"கோமாரி வந்தா வாயெல்லாம் புண்ணாயிடும், குளம்பு கழண்டு வரும், மடி வெடிக்கும், கன்னு பால் குடிச்சுக்கிட்டே செத்து விழும். அப்ப எவ்வளவு பால் இறங்கும்னு கணக்குப் பாத்தீங்களா?" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள்.

"வந்தாத்தானேம்மா" என்பார்கள்.

கறவை மாட்டை மறைக்காத வீடு கீழ்தெருவின் கடைசியில் ஒன்றே ஒன்று. தையல்காரி அங்கே தனியாகக் குடியிருந்தாள். கட்டியவனின் அடி பொறுக்காமல், தையல் மிஷினைத் தலையில் சுமக்காத குறையாகக் கிளம்பி வந்தவள். ஜன்னலோரம் மிஷினைப் போட்டுத் தைத்தாள். தைத்துச் சேர்த்ததில் ஒரு பசு வாங்கினாள். ஊசியம்மா போனபோது மூக்கணாங்கயிற்றைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "என் கையில குத்தினாலும் பரவாயில்லக்கா, மாட்டுக்குப் போட்டுடுங்க. இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு" என்றாள். ஊசியம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க மனம் குளிர்ந்திருந்தது.

மற்றபடி தெருவுக்கு அந்தத் தையல்காரியைக் கண்டால் ஆகாது. புருஷனை விட்டு வந்தவள். போதாக்குறைக்கு யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவாள்.

இனி ஊசியம்மாவின் வீட்டுக்காரர். அவர் அந்தத் தெருவின் கறவைக்காரர். காலையிலும் மாலையிலும் வீடு வீடாகப் போய்ப் பால் கறந்து கொடுப்பது தொழில். கறந்ததில் ஒரு பங்கு கூலி. இடுப்பில் ஒரு சின்ன டப்பா, அதில் வெண்ணெய். இரண்டு விரலால் அதைத் தொட்டுக் காம்பில் தடவி உட்கார்ந்தாரென்றால் உதைக்கிற மாடும் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். தெருவில் பாதிப் பேருக்கு மடியைத் தொடவே தெரியாது. தொட்டுப் பழகியவர்களும் அவர் வந்த பிறகு மறந்துபோனார்கள். தன் கையைப் பற்றி அவருக்கு ஏகப் பெருமை. வாரச் சந்தைக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். மாடு வாங்குகிறவனுக்கு முன்னால் கறந்து காட்ட நம்பகமான கை வேண்டுமே!

அந்தக் கை தையல்காரி வீட்டுக்குப் போகவில்லை. அவள் கேட்டுப் பார்த்தாள். தெரு கூடிப் பேசி, "கூடாது" என்றது. நாத்தனார்தான் முதல் ஆள். "தனியா இருக்கற பொம்பள வீட்டுக்கு விடிஞ்சும் விடியாம என் தம்பி போறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க?" பேசப்போகும் அந்த நாலு பேரில் மூன்று பேர் அவளேதான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தையல்காரி தானே கறக்கப் பழகினாள். முதலில் வாளி உருண்டது, பிறகு அவள் உருண்டாள், பிறகு பால் வந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கோமாரி வந்தது.

முதலில் நாத்தனாரின் பசு. காலையில் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகி நின்றது. வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைவாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி இறங்கித் தரையைத் தொட்டது. ஊசியம்மா அதன் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கின் மேல்தோல் கொப்புளித்து, கையுறை கழல்வது போலக் கழன்று தொங்கியது.

"அண்ணி, கோமாரி."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? சூடு. புதுத் தீவனத்துச் சூடு."

"குளம்பிடுக்கைப் பாருங்க. சூட்டுல குளம்பு புண்ணாகுமா?"

"நீ போட்ட ஊசிதான்!"

"இந்த மாட்டுக்கு நான் எங்க ஊசி போட்டேன்? மேய்ச்சலுக்குப் போயிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!"

நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். மூடியது அந்த ஒரு முறைதான். இரண்டாம் நாள் அவளுடைய கன்றுக்குட்டி, நோயின் அடையாளமே வெளியில் தெரியாமல், தாயின் மடியில் வாய் வைத்தபடியே கால் மடங்கி விழுந்து செத்தது. பிஞ்சுக் கன்றாக இருந்தால் இந்த நோய் நேரே நெஞ்சில் இறங்கிவிடும். நாத்தனார் கன்றை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ஊசியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் நாத்தனார் கேட்டாள்: "யார் கண்ணு பட்டுச்சோ?"

அதற்கப்புறம் மேல்தெருவில் ஒவ்வொரு கொட்டகையாக விழுந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சப்புக் கொட்டும் சத்தம், நொண்டும் குளம்புச் சத்தம். புண்ணில் ஒருவர் பழைய என்ஜின் ஆயிலைக் கொட்டினார், ஒருவர் சுண்ணாம்பை அப்பினார். மருந்தகத்து டாக்டர் வந்தார், பார்த்தார், கோமாரிதான் என்றார், மாதிரி எடுத்துக்கொண்டார். சுற்றுவட்டாரம் முழுக்க இதே கதை, அவர் ஒருவர். வண்டியில் ஏறும்போது அவளிடம் சொன்னார்: "நோய் வந்த கொட்டகைக்குள்ள போன யாரும், நீங்களும் சேர்த்துத்தான், நல்லா இருக்கற மாட்டுப் பக்கம் போகாதீங்க. கை, செருப்பு, துணி, வாளி எல்லாத்திலயும் ஒட்டிக்கிட்டுப் போகும். சலவைச் சோடாவைக் கரைச்சுக் கழுவச் சொல்லுங்க."

அவள் வீட்டுக்கு வீடு சொன்னாள். யாரும் சோடா வாங்கவில்லை. அதற்குப் பதில் குற்றவாளியைத் தேடினார்கள். தேடுவதற்கு அதிகச் சிரமப்படவும் இல்லை.

"தையல்காரி மாடு மட்டும் எப்படி நல்லா இருக்கு?" என்று ஆரம்பித்தது பேச்சு. சந்தையில் வாங்கிய மாடு, அதுதான் கொண்டுவந்தது என்றார்கள். கொண்டுவந்த மாட்டுக்கே நோய் இல்லையே என்றால், அதுதான் ஆச்சரியம், ஏதோ செய்து வைத்திருக்கிறாள் என்றார்கள். நோய் வந்திருந்தாலும் அவள்தான் காரணம், வராவிட்டாலும் அவள்தான் காரணம். இப்படிப்பட்ட நீதிமன்றத்தில் சாட்சி எதற்கு? சங்கத்தலைவர் கீழ்தெருக்காரர், தெருவிலேயே அதிக மாடு வைத்திருப்பவர். அவர் கூட்டம் போட்டார். மறுநாள் சாயங்காலம் கூடி, சங்கத்தில் தையல்காரியின் பாலை நிறுத்துவது, வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்று ஏற்பாடு. பால் விற்காமல் தையலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் அவளால் ஒரு மாதம் ஓட்ட முடியாது. அடித்த வீட்டைத் தவிர அவளுக்குப் போக வேறு இடமும் கிடையாது.

கூட்டத்தன்று காலையில் ஊசியம்மா மேல்தெருவில் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு வந்தாள். வழியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீடு. இந்தப் பக்கச் சுவருக்கு அப்பால் நோய், அந்தப் பக்கச் சுவருக்கு அப்பாலும் நோய். நடுவில் டிரைவரின் பசுக்கள் பளபளவென்று நின்று தீவனம் தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் கறவை இயந்திரம் டக் டக் என்று ஓடியது.

"டிரைவர், எங்க வீட்டுக்காரரை ஏன் கறக்கக் கூப்பிடறதே இல்ல?"

"உன் வீட்டுக்காரர் நாக்குக்குப் பயந்துதானேம்மா இந்த மிஷினே வாங்கினேன்! என் மாடு ஒழுங்கா நிக்கறதில்லன்னு டீக்கடையில உக்காந்து என்னைக் கிண்டல் பண்ணினார். போய்யா, நீயும் உன் வெண்ணெயும்னுட்டேன்."

அவள் மருந்து வாளியைக் கீழே வைத்தாள். எந்தக் கொட்டகை முதலில் விழுந்தது, அடுத்து எது, அதற்கடுத்து எது என்று மனத்துக்குள் நடந்து பார்த்தாள். வீட்டு வரிசைப்படி நோய் போகவில்லை. முதலில் நாத்தனார், பிறகு தெருவைத் தாண்டி எதிர்ச்சாரியில் மாவுமில்காரர், பிறகு மறுபடி இந்தப் பக்கம். டிரைவர் வீட்டைத் தாண்டிக் குதித்துப் போயிருந்தது. அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். அக்கா வீட்டில் தொடங்கி, மில்லைத் திறக்க அவசரப்படும் மாவுமில்காரர் வீட்டுக்குப் போய், திரும்பி வரும் வரிசை. தினமும் காலையில் அவள் வீட்டிலிருந்து வெண்ணெய் டப்பாவோடு கிளம்பும் வரிசை.

வீட்டில் அவர் குளித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேல்தெருவை முடித்துக் குளித்துச் சாப்பிட்டு, துணி மாற்றிக்கொண்டு கீழ்தெருவுக்கு இறங்குவது அவர் வழக்கம். கீழ்தெரு இதுவரை தப்பியது அந்தக் குளியலால்தான் என்று அவளுக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

"ஏங்க, அண்ணி வீட்டு மாட்டுக்கு நோய் வர்றதுக்கு முந்தி சந்தைக்குப் போனீங்களே, அங்க கறந்து காட்டின மாடு எப்படி இருந்துச்சு?"

"நல்ல மாடு. வாயில மட்டும் கொஞ்சம் நுரை. புதுத் தீவனம் ஒத்துக்கலன்னான் வித்தவன்."

"கறந்துட்டுக் கை கழுவினீங்களா?"

"துண்டுல தொடச்சேன்."

"அதே துண்டோட, அதே சட்டையோட நேரா அண்ணி வீட்டுக்குக் கறக்கப் போனீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. "என்ன சொல்ல வர்ற?"

சொன்னாள். வரிசையைச் சொன்னாள், டிரைவர் வீட்டைச் சொன்னாள், தையல்காரி வீட்டைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"இந்தக் கையா? இந்தக் கையாலதான் இந்த வீட்ல அடுப்பு எரியுது. காத்துல வந்திருக்கும்!"

"காத்து அவசரமா மாவுமில் வீட்டுக்குப் போயிட்டு, டிரைவர் வீட்டை விட்டுட்டு, திரும்பி வந்துச்சா? காத்துக்கு டிரைவரோட சண்டையா?"

"உன் ஊசியால நோய் வந்துச்சுன்னு அக்கா பேசினப்ப நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

"பேசலையே! அதுதானே என் வயித்தெரிச்சல்! ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இந்த முறை ஊசி போட வந்தப்ப கறவை மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போனது யாருன்னு நினைக்கற? நான்தான். குட்டை வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயி நின்னேன். பால் குறைஞ்சா என் பங்கும்தானே குறையும்? இப்ப அதையும் கூட்டத்துல சொல்லு, போ!"

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். இத்தனை வருஷமாகத் தெருத்தெருவாக அவள் கத்தியது எல்லாருடைய காதிலும் விழுந்தது, ஒரே கூரையின் கீழ் படுக்கிறவர் காதில் விழவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. "குட்டை வரைக்கும் போனீங்க, அங்கயே கை கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"இன்னைக்குக் கூட்டத்துல நீ வாயைத் திறந்தா, நான் தொழில் பண்ண முடியாது."

"நான் திறக்கலன்னா அந்தப் பொம்பள இருக்க முடியாது. கீழ்தெரு மாடும் இருக்காது."

"யாரோ ஒருத்திக்காக."

"யாரோ ஒருத்தின்னுதான் எல்லாரும் அவளைப் பிடிச்சிருக்காங்க. உங்க அக்காவா இருந்தா பிடிச்சிருப்பாங்களா?"

அன்று அவர் கீழ்தெருவுக்குப் போகும்போது கை கழுவினாரா, வழக்கம்போலத் துணி மாற்றினாரா என்று அவள் பார்க்கவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது.

சங்கத்துக் கூடத்தில் எப்போதும் ஒரு புளித்த வாடை. சுவரோரம் கவிழ்த்த கேன்கள், நடுவில் தராசு. வந்த கூட்டம் தராசைச் சுற்றி உட்கார்ந்தது. தையல்காரி வாசற்படியில் நின்றாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "யார் மேலயும் பழி போட நமக்கு ஆசை இல்ல..."

"அப்ப போடாதீங்க" என்றாள் தையல்காரி.

"பாத்தீங்களா வாயை?" என்று நாத்தனார் எழுந்தாள். "என் கன்னு செத்துப்போச்சு. இவ மாட்டுக்கு ஒரு தும்மல் உண்டா? கேளுங்க இவளை, எப்படின்னு கேளுங்க!"

"ஊசி போட்டேன். அதான் நல்லா இருக்கு. நீங்கல்லாம் மாட்டைக் குட்டைக்கு ஓட்டிக்கிட்டுப் போனப்ப நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

கூட்டம் முணுமுணுத்தது. உண்மை என்பதால் முணுமுணுப்புக் கொஞ்சம் பலமாகவே இருந்தது. தலைவர் கையை உயர்த்தினார். "நாளையிலேர்ந்து இவ பாலைச் சங்கத்துல..."

"தலைவரே, ஒரு நிமிஷம்." ஊசியம்மா எழுந்து நின்றாள். கடைசி வரிசையில், கேன்களுக்குப் பக்கத்தில், புருஷன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"டிரைவர் மாடும்தான் நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் நோய், நடுவுல அவர் வீடு. அவரை ஏன் யாரும் கேக்கல?"

"அவர் குடும்பஸ்தர்" என்றார் தலைவர்.

"கோமாரி குடும்ப விவரமெல்லாம் விசாரிச்சுட்டா வருது?" அவள் குரல் உயர்ந்தது. "டிரைவர் வீட்ல மிஷின் கறக்குது. இவ வீட்ல இவளே கறக்கறா. மத்த வீட்டுல எல்லாம் ஒரே கை கறக்குது. நோய் எந்த வரிசையில வந்துச்சுன்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. அண்ணி வீடு, மாவுமில், அப்புறம் இந்தப் பக்கம். அது யார் நடக்கற வரிசை?"

மாவுமில்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்துப் பின்னால் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

நாத்தனாருக்கு முதலில் மூச்சு வரவில்லை, பிறகு குரல் வந்தது. "கட்டின புருஷனைக் கூட்டத்துல வச்சுக் காட்டிக் குடுக்கறியே, நீ பொம்பளையா? என் தம்பி கையா என் கன்னைக் கொன்னுச்சு?"

"வேணும்னு யாரும் செய்யல அண்ணி. சந்தையிலேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்துச்சு. கையைக் கழுவினா போயிருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப உன் செருப்பு? நீயும்தானே கொட்டகை கொட்டகையா மருந்து போடறேன்னு திரிஞ்ச?"

ஊசியம்மா காலைக் குனிந்து பார்த்தாள். "என் செருப்பும்தான். கழுவிட்டுத்தான் போனேன். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா கழுவினேனான்னு கேட்டா, சத்தியம் பண்ண மாட்டேன். அதனால இனிமே நானும் பம்பைத் தாண்டிக் கீழ இறங்க மாட்டேன்."

அதை நாத்தனார் எதிர்பார்க்கவில்லை. எதிராளி ஒப்புக்கொண்டால் எப்படிச் சண்டை போடுவது?

தலைவர் கறவைக்காரரைப் பார்த்தார். "என்னப்பா, உன் வீட்டுக்காரி சொல்றது நிஜமா?"

அவர் எழுந்தார். "நிஜமோ பொய்யோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அவ சொன்ன வரிசை என் வரிசைதான்." இடுப்பிலிருந்த வெண்ணெய் டப்பாவை எடுத்துத் தராசின் மேல் டங்கென்று வைத்தார். "என் கைதான் எமன்னா, நாளையிலேர்ந்து கீழ்தெருப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன். உங்க மாட்டை நீங்களே கறந்துக்குங்க! மேல்தெருவுல ஏற்கனவே விழுந்த மாடு இருக்கு, அதுக்கு என் கை போதும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபத்தில் செய்ததுதான். ஆனால் டாக்டர் நேரில் வந்து கெஞ்சியிருந்தாலும் இதைவிடச் சரியான காரியத்தை அவர் செய்திருக்க முடியாது. ஊசியம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தையல்காரியின் விஷயம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்தது. கீழ்தெருக்காரர்களுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

விடிந்ததும் அந்தக் கவலை கத்த ஆரம்பித்தது. மடி நிறைந்த மாடு கத்துவதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மேல்தெருவிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது. ஊசியம்மா பம்படியில் குறுக்கே கயிறு கட்டி, "இதைத் தாண்டி ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்று நின்றுகொண்டிருந்தாள். தலைவர் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் பால் இருந்தது, கையில் பலம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் வித்தை இல்லை. அவருடைய பெரிய பசு ஒரே உதை விட்டது. வாளி ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம்.

கீழ்தெருவில் கறக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். மேல்தெருக் கொட்டகை எதிலும் அவள் கால் பட்டதில்லை. பட விட்டால்தானே!

தலைவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு தையல்காரியின் ஜன்னலுக்கு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் வந்து கறந்து குடும்மா."

"என் பாலைச் சங்கத்துல எடுக்க மாட்டீங்களாமே?"

"அது நேத்து பேசினது."

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னது?"

"அதுவும் நேத்துதான்."

"தனியா இருக்கற பொம்பள உங்க வீட்டுக் கொட்டகைக்குள்ள வந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?" மிஷின் நிற்கவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து மாடு மறுபடி கத்தியது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "மாட்டுக்காக வரேன். உங்களுக்காக இல்ல. முதல்ல அந்த ரெண்டும் இல்லன்னு கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு, எல்லாரும் கேக்க உங்க வாயால சொல்லிட்டு வாங்க. வரும்போது கடையில சலவைச் சோடா வாங்கிட்டு வாங்க. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு வாளி கரைச்சு வைக்கணும், அக்கா சொன்னாங்க."

அக்கா பம்படியில் நின்று தொண்டை கிழியச் சோடா கரைக்கும் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையல்காரி கீழ்தெரு முழுவதையும் கறந்தாள். வாசலுக்கு வாசல் கையும் காலும் கழுவி, வீட்டுக்கு வீடு அவர்கள் வாளியிலேயே கறந்தாள். மணிக்கட்டு வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனது. தைக்கக் கொடுத்தவர்கள் துணி இன்னும் வரவில்லையே என்று நச்சரித்தார்கள். வேறு ஊரிலிருந்து சுத்தமான செருப்போடு ஓர் ஊசிக்காரரை டாக்டர் அனுப்பி, கீழ்தெரு மாடுகளுக்குத் தடுப்பூசி போட வைத்தார். பம்பை ஒட்டிய முதல் கொட்டகையில் மட்டும் ஒரு பசு விழுந்தது. கூட்டத்தன்று அந்த வீட்டில்தான் கறவைக்காரர் முதலில் கறந்திருந்தார். அதற்குக் கீழே நோய் இறங்கவில்லை.

மேல்தெரு மாடுகள் மெல்ல மெல்லத் தேறின. சிலதுக்குப் பழைய பால் திரும்பவே இல்லை. கறவைக்காரர் சைக்கிளில் சோடாத் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் கழுவுவார். கழுவிக்கொண்டே, "காத்துலதான் வந்துச்சு, இருந்தாலும் வீட்ல சொல்றாங்களேன்னு" என்பார். சோடாவில் வெடித்த கையை வீட்டில் அவளிடம் நீட்டுவார். அவள் அந்தக் கையில் வெண்ணெய் தடவிவிடுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த தடுப்பூசிச் சுற்று வந்தது. இனியாவது புத்தி வந்திருக்கும் என்ற நம்பிக்கையில், ஊசியம்மா பெட்டியை மாட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டில் தொடங்கினாள். புதிதாக வாங்கிய கறவைப் பசு கொட்டகையிலேயே கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவாயில்ல அண்ணி, புரிஞ்சுக்கிட்டீங்க."

"புரியாம என்ன?" என்றாள் நாத்தனார். "கீழ்தெருவுல அந்தப் பம்படி மாட்டைத் தவிர அவ கை பட்ட மாடு ஒண்ணாவது விழுந்துச்சா? அப்படி ஒரு ராசியான கை! அதனால நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ஊசியை அந்தத் தையல்காரியைப் போடச் சொல்லு."

"என்னது?"

"அவ கையால போட்டா நாங்க எல்லாருமே மாட்டைக் கட்டி வைக்கிறோம். மாவுமில்லும் அதான் சொல்றாரு, தலைவரும் அதான் சொல்றாரு. நீ தப்பா எடுத்துக்காதே. உன் கை ராசி என்னன்னுதான் எங்களுக்குத் தெரியுமே."

ஊசியம்மா பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். தையல்காரியை நேற்று வரை சனியன் என்றார்கள், இன்றைக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். நடுவில் ஒரு வாளி சோடாத் தண்ணீர் இருந்ததே, அது யார் கண்ணிலும் படவில்லை. பெட்டியைத் தூக்கி நாத்தனார் தலையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. மருந்து வீணாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டாள். கத்தலாம். கத்தினால் கறவை மாடு மறுபடி குட்டைக்குப் போகும். ஊசி வேலை செய்வதற்கு மாட்டுக்காரரின் நம்பிக்கை தேவையில்லை. மாடு எதிரில் நின்றால் போதும்.

அவள் எழுந்து சரிவில் இறங்கித் தையல்காரியின் ஜன்னலுக்குப் போனாள்.

"வா, உன் கை ராசியான கையாம். பெட்டியைத் தூக்கிக்கிட்டு என்கூட நட. நான் குத்தறப்ப கயித்தைப் பிடிச்சுக்க. அது போதும் அவங்களுக்கு."

தையல்காரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மிஷின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப, அடுத்து ஒரு மாடு செத்தா?"

"மறுபடி உன்னைத்தான் துரத்துவாங்க. அதனாலதான் சொல்றேன், ஒரு மாடும் விடாம போட்டுடணும். வா சீக்கிரம், பனிக்கட்டி கரையுது."

அந்தச் சுற்றில் மேய்ச்சலுக்குப் போன மாடு என்று தெருவில் ஒன்றுகூட இல்லை.